அப்பா அசையாமல் கிடந்த பதினொரு நிமிடம்

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது ஒன்று, பெற்றோரைப் பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முப்பத்து நான்கு வயதுவரை தெரியாது. தெரிந்துகொண்ட அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். கொழும்பில் என் அலுவலகத்தில் ஏழு பேர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். பெரகலயில் என் தாய்மாமா நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றார். அப்பா மட்டும்தான் படுத்திருந்தார்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதுகிற செயலிகளில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் தொழில். (அடுத்தவர் குறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று முதன்முதலில் சொன்னபோது அம்மா, “நம்ம லயத்துல அதைச் சும்மாவே செய்றாங்களே” என்றாள்.) அப்பாவும் அம்மாவும் பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருக்கிறார்கள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியதில் இடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அம்மா மலை ஏறிக் கொழுந்து பறித்ததில் முழங்காலை விட்டுவிட்டு வந்தவள். இருவரையும் கொழும்புக்கு அழைத்துப் பார்த்தேன். பதினொரு நாள் இருந்தார்கள். “சன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் சன்னல்தான் தெரியுது” என்று சொல்லி அப்பா பையைக் கட்டிவிட்டார். என் தம்பி கத்தாரில் இருக்கிறான். அவன் பங்குக்குக் குடும்பக் குழுவில் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவான்.

ஆக, பொறுப்பு என்னுடையது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ரயிலேறிப் போவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன். அந்த இரண்டு நாளில் மாத்திரை டப்பாக்களை நிரப்பி, டாக்டரிடம் கூட்டிப்போய், சமையலறையைக் கழுவி, இருவரையும் ஆளுக்கு ஒரு மணிநேரம் ஏசிவிட்டு வருவேன். அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் அம்மா வாசலில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. “நீ ஆபீசுல பிஸியா இருப்பேன்னு சொல்லல புள்ள” என்றாள். அந்த வாரக் கடைசியிலேயே கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு போய், முன்னறையில் டிவிக்கு மேலே இருந்த பலகையில் பொருத்திவிட்டேன். கைப்பேசியைத் திறந்தால் முன்னறை தெரியும். பேசினால் அங்கே கேட்கும், அவர்கள் பேசினால் இங்கே கேட்கும். வீட்டில் ஏதாவது அசைந்தால் எனக்குத் தகவல் வரும். இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அம்மாவுக்கு முதல் வாரம் வெட்கம். முன்னறைக்கு வரும்போதெல்லாம் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு வெட்கமில்லை, எரிச்சல். “அப்பா, தொப்பி போட்டுக்கிட்டு வெளிய போங்க”, “அப்பா, மாத்திர போட்டாச்சா”, “அப்பா, அந்த ஸ்டூல்ல ஏறாதீங்க” என்று நான் கொழும்பிலிருந்து அசரீரி போல ஒலித்துக்கொண்டே இருந்தேன்.

“வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல கூட காலையில ஒருக்காத்தான் பேரு கூப்புடுவாங்க. நீ பத்துத் தடவ கூப்புடுற” என்றார் அப்பா.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கும் வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

மூன்று மாதம் போனது. அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு மேலாளர் பதவி ஒன்று வந்தது. அதற்கு நானும், என் பக்கத்து மேசையிலிருக்கும் பர்சானாவும் போட்டி. பர்சானா பண்டாரவளைக்காரி, நல்ல தோழி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளருக்கும் எங்கள் இயக்குநர்களுக்கும் முன்னால் புதிய செயலியை நான் இயக்கிக் காட்டவேண்டும். நன்றாகச் செய்தால் பதவி அநேகமாக எனக்குத்தான் என்று பேச்சு. என் கைப்பேசியில் நான் தொடுவதெல்லாம் சுவரிலிருந்த பெரிய திரையில் அப்படியே தெரியும்படி ஏற்பாடு. என்னைத் தவிர அறையில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் பர்சானாவும் ஒருத்தி.

இருபது நிமிடம் பிரமாதமாகப் போனது. நடுவில் ஒரு நகைச்சுவை கூடச் சொன்னேன், சிரித்தார்கள். அப்போதுதான் திரையின் மேல் ஓரத்தில் ‘வீட்டில் அசைவு’ என்று தகவல் வந்தது. மூன்று மாதப் பழக்கம். அறையில் யார் இருக்கிறார்கள், சுவரில் என்ன தெரிகிறது என்று எதையும் யோசிக்காமல் என் கட்டைவிரல் போய் அதைத் தொட்டுவிட்டது.

சுவர் முழுக்க எங்கள் முன்னறை தெரிந்தது. நடுவில், வெறும் சீமெந்துத் தரையில், அப்பா மல்லாந்து கிடந்தார். அவர் காலடியில் நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. முகத்தின் மேல் துண்டு விழுந்து மூடியிருந்தது. ஒரு கை பக்கவாட்டில் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. அசைந்தது அப்பா இல்லை. அடுத்த வீட்டு ராணி அக்காவின் கோழி. அது அப்பாவைச் சுற்றி ஒரு நடை நடந்தது, கையை ஒரு கொத்துக் கொத்தியது, பிறகு ஏறி அவர் நெஞ்சின் மேல் நின்றது.

அப்பா அசையவில்லை.

அந்தக் கோழிக்கும் அப்பாவுக்கும் இரண்டு வருஷப் பகை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது வாசற்படியில் கால் வைத்தாலே விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அது நெஞ்சில் ஏறி நின்றும் சும்மா கிடக்கிறார் என்றால், எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

“அப்பா” என்று கத்தினேன். ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். “அப்பா, எந்திரிங்க, அப்பா.” பதில் இல்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மாவின் போன் டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்து சாமிப் பாட்டுப் பாடியது. அதை எங்கள் கூட்ட அறையின் ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்டோம். அப்பாவின் போன் எப்போதும் சத்தமில்லாமல்தான் இருக்கும். ராணி அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள், போனை எடுக்கவில்லை. கடைசியில் த்ரீவீல் ஓட்டுகிற செல்வத்துக்கு எடுத்தேன். அவன் கீழே சந்தியில் நின்றான்.

“செல்வம், அப்பா வீட்டுக்குள்ள விழுந்து கெடக்காரு. பேச்சு மூச்சில்ல. ஓடு.”

“ஐயோ அக்கா, இந்தா போறேன்” என்றான். போனான். நல்ல பையன். போகிற வழியில் கண்ணில் பட்ட அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டே போனான்.

அவன் போய்ச் சேரப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடமும் நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தேன். பேசியது தமிழில் என்றாலாவது தப்பித்திருப்பேன். எல்லோருக்கும் புரிகிற ஆங்கிலத்தில், தெளிவாக, இலக்கணப் பிழை இல்லாமல் பேசினேன். அப்பாவை விட்டுவிட்டு நான் கொழும்புக்கு வந்திருக்கவே கூடாது என்றேன். என் வேலைதான் பெரிது என்று நினைத்த பாவி நான் என்றேன். அவர் மட்டும் எழுந்துவிட்டால் போதும், இந்த மேலாளர் பதவி எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். மனிதவளப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டார். (பழக்கதோஷம்.)

திரையில் கதவு திறந்தது. செல்வம் உள்ளே பாய்ந்தான். அவன் பின்னால் கூடையும் கையுமாகப் பத்துப் பதினைந்து பெண்கள், மருந்து அடிக்கிற டாங்கியை முதுகிலிருந்து இறக்காமலே நாலைந்து ஆண்கள். கோழி பறந்தது. “மாமா” என்று செல்வம் போட்ட சத்தத்தில் அப்பா முகத்திலிருந்த துண்டை மெதுவாக எடுத்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார்.

“என்னா, எங்கயாவது தீப்புடிச்சிருச்சா?”

“மாமா, நீங்க... நீங்க போயிட்டீங்கன்னு...”

“எங்க போனேன்? யாரு சொன்னா?”

செல்வம் கையை நீட்டி கேமராவைக் காட்டினான். இருபது முகங்கள் ஒன்றாகத் திரும்பி எங்களைப் பார்த்தன. கொழும்பில் நாங்கள் எட்டுப் பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம்.

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடந்து வந்தார். அவர் முகம் பெரிதாகிப் பெரிதாகிச் சுவரை நிறைத்தது. கேமராவின் கீழ்ப்பக்கத்தில் எதையோ விரலால் உரித்தார். அது ஒரு பிளாஸ்டர். என் குரல் வரும் ஓட்டையை, எப்போதிலிருந்து என்று தெரியாது, டிஸ்பென்சரியில் வாங்கிய பிளாஸ்டரால் ஒட்டி அடைத்து வைத்திருந்தார். உரித்துவிட்டுப் பேசினார்.

“பாப்பா, பதுள டாக்டரு சொன்ன அப்பியாசத்தச் செய்யலன்னு ஞாயித்துக்கெழம அம்புட்டு ஏசு ஏசின. வெறுந்தரையில படுங்க, காலத் தூக்கி நாற்காலி மேல போடுங்க, அரமணி நேரம் அசையாமக் கெடங்கன்னு நீதானே சொன்ன. நாற்காலி ஒயரமா இருக்குன்னு சாச்சுப் போட்டேன். செஞ்சா ஆளனுப்பி எழுப்புற. இப்ப நான் படுக்குறதா, எந்திரிக்கிறதா? ஒரு முடிவாச் சொல்லு.”

ஆஸ்திரேலியாக்காரர் தாழ்ந்த குரலில், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். பர்சானா முன்னால் வந்தாள். ஒரு வார்த்தை விடாமல், ஏசு ஏசின என்பதன் வேகம்கூடக் குறையாமல், அழகான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

“நியாயமான கேள்விதான்” என்றார் அவர்.

நான் கைப்பேசியை வாயருகே கொண்டுபோய், “படுங்கப்பா” என்றேன். பிறகு, “இல்ல, எந்திரிங்க” என்றேன். அவர் ஏற்கெனவே எழுந்துதான் நின்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை அலுவலகத்தோடு புதைத்திருக்கலாம். அரைமணி நேரம் கழித்து அம்மா போன் எடுத்தாள். லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். புருஷன் உயிரோடு உட்கார்ந்திருந்தும் ஒருத்தி விடாமல் அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தாளாம்.

“இந்தா புள்ள, கூட்டம் வந்துகிட்டே இருக்கு. மேல் டிவிசன்லருந்தெல்லாம் வர்றாங்க. எத்தன பேருக்குத்தான் நான் தேத்தண்ணி ஊத்துறது? நீ சொல்லி வந்த ஆளுங்க. நீயே வந்து பதில் சொல்லு.”

இயக்குநர் அலுவலக வாகனத்தைக் கொடுத்து உடனே போகச் சொன்னார். பெரகல சந்தியை அடைந்தபோது மணி நாலு இருக்கும். டீ குடிக்கலாம் என்று இறங்கினால், கடையோரத்தில் ஒரு வேன் நின்றது. அதற்குப் பக்கத்தில், செய்தி கேட்டுத் தோட்டத்துக்குப் புறப்பட்டு வந்த என் தாய்மாமாவும் அத்தையும், மாமா கையில் ஒரு பெரிய மாலை. என்னைக் கண்டதும் மாமா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“கலா, தாயி, இப்புடி ஆயிருச்சே.”

“மாமா, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு.”

மாமா அழுகையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். “புள்ளைக்குப் புத்தி தடுமாறிருச்சு” என்றார் மெதுவாக.

“நெசமா மாமா. படுத்திருந்தாரு. அப்பியாசம்.”

“ஆமாந்தாயி, படுத்துட்டாரு. நீ மனசத் தேத்திக்க.”

“மாமா, அவரு என்கூடப் பேசினாரு.”

“பேசுவாரு, பேசுவாரு. எங்கப்பா செத்தப்பவும் எனக்கு ஒரு மாசம் அப்புடித்தான் கேட்டுச்சு.”

அப்பாவுக்குப் போன் போட்டேன். சத்தமில்லாத அந்தப் போன் எடுக்கப்படவில்லை. மாமா என் கையிலிருந்து போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இனிமே அவரு எடுக்க மாட்டாரு தாயி” என்றார். பண்டாரவளை, ஹாலிஎல, பதுளை என்று வழி முழுக்க அத்தை என் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தாள். வாகன ஓட்டி மரியாதைக்காக ரேடியோவை நிறுத்திவிட்டார்.

தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். லயத்து முன்னால் பாதிப் பந்தல் நின்றது. வாசகசாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நடு நாற்காலியில், சலவைச் சட்டையும் திருநீறுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். மாமா இறங்கினார், பார்த்தார், மாலையோடு அப்படியே நின்றார்.

“வாங்க மச்சான். மாலையெல்லாம் எதுக்கு?” என்றார் அப்பா.

மாமாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கொண்டுவந்த மாலையை அப்பாவின் கழுத்திலேயே போட்டுவிட்டு, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார்.

பந்தலின் ஓரத்தில் பதுளையில் அச்சுக்கடை வைத்திருக்கும் நசீர் நானா ஒரு சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். உண்மை தெரிவதற்குள் கொடியும் பந்தலும் போட ஆரம்பித்திருந்த இளைஞர் மன்றத்துக்காரர்கள் காலையிலேயே போனில் அவருக்கும் சொல்லிவிட்டார்களாம். தெரிந்த மனுஷன் என்பதால் அவசரமாக அடித்து, கையோடு கொண்டுவந்திருக்கிறார். அப்பா விடவில்லை, பிரிக்கச் சொன்னார். எட்டடிக்கு ஆறடி. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே, என் பட்டமளிப்பு விழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்த அப்பா. அவர் தோளோரத்தில் என் காது ஒன்று மிஞ்சியிருந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இதுல எனக்குக் கண்ணு மூடியிருக்கே நானா. நெசமாத் தேவப்படுறப்ப வேற போட்டோ போடணும்.”

“போட்டுரலாம் முத்தையாண்ணே. நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க, அவசரமில்ல” என்றார் நசீர் நானா.

பொழுது சாயும்போது கூட்டம் கலைந்தது. வந்தவர்களில் ஒருவர்கூட என்னை ஏசவில்லை. “பெத்தவங்க மேல அம்புட்டுப் பாசம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் அதிகம் வலித்தது. அப்பாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

“பயந்துட்டேன்பா.”

“தெரியும். அழுத மொகந்தானே இது.” கொஞ்சநேரம் மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “முப்பது வருஷம் ஃபெக்டரியில பின்னாடி ஒருத்தன் நின்னு பாத்துக்கிட்டே இருப்பான் பாப்பா. ஒக்காந்தா கேப்பான், ஒண்ணுக்குப் போனா கேப்பான். ரிட்டையரானப்ப, அப்பாடா, இனிமே யாரும் பாக்க மாட்டாங்கன்னு இருந்துச்சு. அப்பறம் நீ வந்து டிவி மேல நின்னுக்கிட்ட.”

உள்ளே போய் கேமராவைக் கழற்ற ஆரம்பித்தேன். இப்போது அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

“அதக் கழட்டாத. அப்பறம் பகல்ல நான் யாருகூடப் பேசுறது?”

“யாருகூடப் பேசினீங்க?”

“உங்கூடத்தான். ராணி வீட்டுக் கத, முழங்கால் வலி, என்னா சமைச்சேன், எல்லாம் தெனமும் சொல்றேனே. நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?”

அலுவலகத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும்தான் நான் பார்ப்பது வழக்கம். மூன்று மாதம் அம்மா டிவியைப் பார்த்து வாயசைத்ததையெல்லாம் பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்திருந்தேன். பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான்.

“கேட்டேம்மா” என்று பொய் சொன்னேன்.

கேமராவைச் சமையலறைக்கு மாற்றினோம். அப்பா அந்தப் பக்கம் வரமாட்டார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் அதைத் திறந்து, சத்தத்தையும் திறந்து வைத்து, அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன். ராணி அக்கா வீட்டில் நடப்பதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி.

மேலாளர் பதவி பர்சானாவுக்குப் போனது. நானே ஏழு சாட்சிகளுக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னது குறிப்பில் இருந்தது. தவிர, அவ்வளவு நெருக்கடியிலும் நிதானமாக மொழிபெயர்த்த பெண்ணை ஆஸ்திரேலியாக்காரருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் வயிற்றெரிச்சலோடு இருந்தேன். மூன்றாம் நாள் பர்சானா என்னைக் கூப்பிட்டு, மேலாளராகத் தன் முதல் முடிவு என்று சொல்லி, மாதத்தில் பத்து நாள் நான் தோட்டத்திலிருந்தே வேலை செய்யலாம் என்றாள். “இல்லாட்டி உங்க வாப்பாக்கு என்னால ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்க்க ஏலாது” என்றாள்.

வீட்டில் இப்போது யார் படுத்தாலும் ஒரு சொல் இருக்கிறது: “பாப்பாகிட்டச் சொல்லிட்டுப் படு.” கத்தாரிலிருந்து தம்பி ரோஜாப்பூ அனுப்புவதை நிறுத்திவிட்டு, ‘தூங்கப் போகிறேன், உயிரோடு’ என்று தினமும் குழுவில் போடுகிறான்.

போன மாதம் நான் தோட்டத்திலிருந்து வேலை செய்தபோது லேசாகக் காய்ச்சல். மத்தியானம் முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால் செல்வம், ராணி அக்கா, இன்னும் மூன்று பேர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுமில்ல பாப்பா, நீ தூங்கு” என்றார். “புள்ள சும்மா படுத்திருக்கா, உசுரோடதான் இருக்கான்னு எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வச்சேன். அதான் பாத்துட்டுப் போக வந்திருக்காங்க.”